தென்னந்தோப்பில் மூன்று மரக்காளான்கள்: நுண்ணோக்கியில் பிரித்தறிந்த ஒரு நிகழ்வு

பட்டுக்கோட்டைப் பகுதியில் உள்ள ஒரு தென்னந்தோப்பிலிருந்து மூன்று மரக்காளான்கள் ஒரே கேள்வியோடு என்னிடம் வந்தன. மூன்றும் தென்னையின் வேரையும் அடித்தண்டையும் அழுகவைக்கும் கானோடெர்மா என்ற பூஞ்சையா? ஆம் என்று சொன்னால் தோப்பின் வடக்குப் பகுதியைச் சுற்றி அகழி வெட்டவும், வேலியோர மரங்களை அகற்றவும், காய்த்துக்கொண்டிருக்கும் தென்னைகள் சிலவற்றை வேரோடு தோண்டி எடுக்கவும் உரிமையாளர் தயாராக இருந்தார். அக்கம்பக்கத்தில் அப்படித்தான் யோசனை சொல்லியிருந்தார்கள். நெட்டை ரகத் தென்னை காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டுகளாவது ஆகும். தவறான பெயர் ஒன்றால் அத்தனை ஆண்டு உழைப்பு மண்ணோடு போய்விடும்.

அவருடைய அச்சம் நியாயமானது. 1952ஆம் ஆண்டுப் புயலுக்குப் பிறகு தஞ்சாவூர்க் கடலோரத் தோப்புகளில் கடுமையாகப் பரவிய நோய்தான் இன்றும் தஞ்சாவூர் வாடல் நோய் என்று அழைக்கப்படுகிறது. வேளாண் துறையினர் அதை அடித்தண்டழுகல் என்கிறார்கள். காரணம் கானோடெர்மா. வேர்கள் அழுகும், அடித்தண்டிலிருந்து செம்பழுப்பு நீர் வடியும், வெளிச்சுற்று மட்டைகள் வாடித் தொங்கும். கடைசியில்தான், அதுவும் எல்லா மரங்களிலும் இல்லை, அடியில் காளான் வெளிவரும். நோயுற்ற மரத்தின் கட்டையும் வேரும் மண்ணிலேயே கிடந்தால் பூஞ்சைக்கு அவை ஆண்டுக்கணக்கில் உணவாகும். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் இதே வட்டாரத்தில் எத்தனை தென்னைகளைச் சாய்த்தது என்பதை நேரில் பார்த்தவர்களுக்கு, மண்ணில் விடப்பட்ட கட்டைகளைப் பற்றி நான் ஏன் இவ்வளவு கவலைப்படுகிறேன் என்பது புரியும்.

மாதிரிகள்

முதல் மாதிரி, கஜாவில் முறிந்த தென்னை ஒன்றின் அடிக்கட்டையில் மண்ணை ஒட்டி வளர்ந்தது. மேற்புறம் பளபளக்கும் செம்பழுப்பு, வளரும் விளிம்பு வெளிர் மஞ்சள். அடிப்புறம் வெண்மையாக இருந்தது. நகத்தால் கீறினால் பழுப்பானது. பக்கவாட்டில் குட்டையான காம்பு.

இரண்டாவது, அந்தக் கட்டைக்கு மிக அருகில் வேலியோரமாகப் பட்டுப்போய் நின்ற பூவரசில் அடுக்கடுக்காக வளர்ந்திருந்தது. சிறியது, காம்பில்லாதது, துருப்பழுப்பு நிறம், பளபளப்பு இல்லை. அதன் மேற்புறம் முழுவதும் காப்பிப்பொடி நிறத்தில் மெல்லிய தூள் படிந்திருந்தது. கானோடெர்மா என்ற முடிவுக்கு எல்லோரையும் கொண்டுபோனது இந்தத் தூள்தான்.

மூன்றாவது, தோப்பில் குவித்து வைத்திருந்த மாங்கட்டையில் இருந்தது. அதன் மேற்புறத்தில் ஒட்டுமிடத்திலிருந்து ஒரு செந்நிறத் தோல் பரவத் தொடங்கி, விளிம்புக்கு எட்டாமல் நின்றிருந்தது. விளிம்பு வெள்ளை.

இவற்றோடு நான் கேட்டு வாங்கிய ஒன்றும் உண்டு. முதல் மாதிரி இருந்த கட்டைக்கு அடுத்த குழியில் உயிரோடு நிற்கும் தென்னையின் அடித்தண்டில் செம்பழுப்பு நீர் வடிந்துகொண்டிருந்தது. அந்த மரத்தில் காளான் எதுவும் இல்லை. நல்ல திசுவும் அழுகிய திசுவும் சந்திக்கும் இடத்திலிருந்து ஒரு துண்டைச் சுத்தமான உளியால் எடுத்து அனுப்பச் சொன்னேன். இந்த ஆய்வின் முடிவு பெரும்பாலும் அந்தத் துண்டைச் சார்ந்தே இருந்தது.

வெட்டும் முறை

மரக்காளானை நுண்ணோக்கியில் பார்ப்பது சமையல் காளானைப் பார்ப்பதைவிடக் கடினம். திசு நார்த்தன்மை மிக்கது, பிளேடு வழுக்கும். கேரட்டிலோ நெட்டித் துண்டிலோ பிளவு வைத்து, அதனுள் காளானின் சிறு துண்டைச் செருகி, இரண்டையும் சேர்த்துச் சீவினால் மெல்லிய வெட்டு கிடைக்கும். பல வெட்டுகளைச் சீவி, அவற்றுள் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிந்ததை மட்டும் எடுக்க வேண்டும். தடித்த வெட்டில் எதையும் பார்க்கலாம், எதையும் நம்ப முடியாது.

எங்கிருந்து வெட்டுவது என்பது அதைவிட முக்கியம். மரக்காளானின் அடிப்புறத்தில் தெரியும் துளைகள், மேல்நோக்கிச் செல்லும் நுண்குழாய்களின் வாய்கள். அந்தக் குழாய்களின் உட்சுவரில்தான், பூஞ்சைக்கு விதை போன்ற ஸ்போர்களை உண்டாக்கும் பசிடியங்கள் என்ற செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஆகவே ஒவ்வொரு மாதிரியிலும் குறைந்தது மூன்று இடங்கள் தேவை: குழாய்ப் பகுதி, அதற்கு மேலுள்ள சதைப் பகுதி, மேற்தோல். வளரும் விளிம்பிலிருந்து இன்னொரு துண்டு எடுத்தால் நல்லது. அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

உலர்ந்த திசுவை 5 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்தால் சுருங்கிய இழைகள் மீண்டும் விரியும். நிறமற்ற இழைகளுக்குக் காங்கோ சிவப்புச் சாயம். அயோடின் வினைக்கு மெல்சர் கரைசல். மெல்சருக்கு வேண்டிய குளோரல் ஹைட்ரேட் பல கல்லூரி ஆய்வகங்களில் கிடைப்பதில்லை. லூகால் அயோடினைக் கொண்டு நீல நிறமாற்றத்தைச் சோதித்துக்கொள்ளலாம். ஆனால் டெக்ஸ்ட்ரினாய்டு எனப்படும் செம்பழுப்பு மாற்றத்தை லூகாலை வைத்து முடிவு செய்யக் கூடாது. அளவெடுக்கும் முன் கண் லென்ஸில் உள்ள அளவுகோலை, ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்த ஸ்லைடு வைத்து ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியே சரிபார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் எழுதப்படும் மைக்ரோமீட்டர் கணக்கு வெறும் ஊகம். ஸ்போரை அளக்கும்போது அது பசிடியத்தோடு ஒட்டியிருந்த சிறு முனையைச் சேர்க்கக் கூடாது. எந்தக் கரைசலில் அளந்தோம் என்பதையும் குறிக்க வேண்டும், ஏனென்றால் காரத்தில் ஸ்போர் சற்று வீங்கக்கூடும்.

முதல் மாதிரி

கானோடெர்மாவின் ஸ்போரை ஒருமுறை நன்றாகப் பார்த்தவருக்கு அது மறக்காது. முட்டை வடிவம், பழுப்பு நிறம், ஒரு முனை தலை சீவிய இளநீர் போலத் தட்டையாக இருக்கும். சுவர் இரட்டை. வெளிச்சுவர் மெல்லியது, நிறமற்றது. உட்சுவர் தடித்தது, பழுப்பு. உட்சுவரிலிருந்து கிளம்பும் நுண்ணிய தூண்கள் வெளிச்சுவரைத் தாங்கி நிற்கின்றன. 400 மடங்கு உருப்பெருக்கத்தில் இது புள்ளி வைத்த ஸ்போராகத் தெரியும். எண்ணெய் லென்ஸில் நுண்திருகை மெல்லத் திருப்பி, ஸ்போரின் மேற்பரப்பிலிருந்து நடுவெட்டுக்குக் குவியத்தை இறக்கினால் புள்ளிகள் மறைந்து, இரு சுவர்களுக்கு இடையே தூண்கள் பக்கவாட்டில் தெரியும். இந்த ஒரு திருப்பத்தைச் செய்து காட்டினால் போதும், மாணவர்கள் அதன் பிறகு ஸ்போரைத் தட்டையான படமாகப் பார்ப்பதில்லை.

முதல் மாதிரியின் குழாய்களுக்குள் இத்தகைய ஸ்போர்கள் ஏராளமாக இருந்தன. நீளம் பெரும்பாலும் 9 முதல் 11 மைக்ரோமீட்டர், அகலம் 6 முதல் 7.5. முதிர்ந்தவற்றோடு, உட்சுவர் இன்னும் பழுக்காத வெளிறிய ஸ்போர்களும் கிடைத்தன. இந்த இளம் ஸ்போர்களுக்கு நான் மிகுந்த மதிப்பளிக்கிறேன். ஸ்போர் வெளியிலிருந்து காற்றில் வந்து விழுந்ததல்ல, இங்கேயே உருவாகிறது என்பதற்கு அவை சாட்சி. மெல்சரில் ஸ்போர்களுக்கு நிறமாற்றம் இல்லை.

அடுத்தது இழைகள். மரக்காளானின் உடலை இழை வகைகளாகப் பிரித்துப் பார்க்கும் முறையை 1932இல் முன்வைத்தவர் இ. ஜே. எச். கார்னர். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிக்கொண்டு, நம்மைப் போன்ற வெப்பமண்டலக் காடுகளின் காளான்களை ஊசியால் இழை இழையாகப் பிரித்துப் பார்த்து அவர் அதைக் கண்டார். ஆக்க இழை என்பது மெல்லிய சுவருடன், குறுக்குச் சுவர்களுடன், கிளைத்து வளர்வது. பசிடியங்கள் இதிலிருந்தே பிறக்கின்றன. சட்டக இழை தடித்த சுவருடன், குறுக்குச் சுவரின்றி, நீண்டு ஓடுவது. பிணைப்பு இழை குட்டையாக, பலமுறை கிளைத்து, மற்ற இழைகளைக் கோத்துக் கட்டுவது. ஒரு காளானில் இவற்றில் எத்தனை வகை உண்டு என்பது அதன் பேரினத்தை அடையாளம் காண உதவும் முதன்மையான சான்றுகளில் ஒன்று. முதல் மாதிரியில் மூன்றும் இருந்தன.

ஆக்க இழைகளின் குறுக்குச் சுவர் அருகே கிளாம்ப் இணைப்பு இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. ஒரு செல்லிலிருந்து பக்கவாட்டில் வளைந்து, குறுக்குச் சுவரைத் தாண்டி அடுத்த செல்லில் சேரும் சிறு வளையம் அது. பசிடியப் பூஞ்சைகளில் மட்டுமே காணப்படுவது, ஆனால் அவை எல்லாவற்றிலும் இருப்பதில்லை. முதிர்ந்த கானோடெர்மாவின் சதையில் கிளாம்ப் தேடுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. தடித்த பழுப்பு இழைகளின் நெருக்கத்தில் ஆக்க இழைகள் நசுங்கிக் காணாமல் போயிருக்கும். வளரும் விளிம்பிலிருந்து ஒரு துண்டு வேண்டும் என்று முன்பு சொன்னது இதற்காகத்தான். அங்கே ஆக்க இழைகள் இன்னும் உயிர்ப்போடு இருக்கும். காங்கோ சிவப்பிட்ட விளிம்புத் துண்டில் கிளாம்ப்கள் தெளிவாகத் தெரிந்தன.

மேற்தோலின் வெட்டில், பளபளப்புக்குக் காரணமான பிசினுக்குள் தடித்த தலையுடைய செல்கள் செங்குத்தாக நெருக்கி நின்றன. மெல்சரில் அவற்றின் சுவர்கள் நீலமாயின. பளபளப்பில்லாத கானோடெர்மாக்களான அப்ளானேட்டம் குழுவின் மேற்தோலில் இப்படிப்பட்ட ஒழுங்கான வரிசை இருப்பதில்லை. சதைப் பகுதியில் கிளமைடோஸ்போர்கள் எனப்படும் தடித்த சுவருள்ள ஓய்வு ஸ்போர்கள் உண்டா என்றும் தேடினேன், வெட்டுகளில் தென்படவில்லை. சில இனங்களைப் பிரிக்க அவை உதவும் என்பதால் இல்லாததையும் குறித்து வைத்தேன்.

பேரினம் கானோடெர்மா. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

இரண்டாவது மாதிரி

பூவரசுக் காளானின் மேற்புறத்துத் தூளைத் தண்ணீர்ச் சொட்டில் வைத்துப் பார்த்தபோது, கண்ணாடி முழுவதும் கானோடெர்மா ஸ்போர்கள். இரட்டைச் சுவர், தட்டை முனை, தூண்கள் எல்லாமே இருந்தன. தூளை மட்டும் பார்த்து நிறுத்தியிருந்தால் அறிக்கையில் இரண்டாவது மாதிரியும் கானோடெர்மாதான்.

கானோடெர்மா அடிப்புறத்திலிருந்து உதிர்க்கும் ஸ்போர்கள், காற்றின் சுழற்சியில் மேலெழுந்து அதன் மேற்புறத்திலேயே தூளாகப் படிவது வழக்கம். அருகிலுள்ள இலை, கல், வேலி, வேறு காளான் எதன் மேலும் அது படியும். ஸ்போர் கிடைத்த இடம் மேற்பரப்பு என்றால், அந்தச் சான்று அக்கம்பக்கத்தைப் பற்றியதே தவிர, அந்தக் காளானைப் பற்றியது அல்ல. குழாய்க்குள் இருந்தாலும், பசிடியத்தோடு ஒட்டியோ இளநிலையிலோ கண்டால்தான் முழு நம்பிக்கை.

சதையில் ஒரு சொட்டுப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டதும் கருமையானது. இது ஹைமனோகீட்டேசி என்ற காளான் குடும்பத்தின் பெயர்பெற்ற அடையாளம். இந்தச் சொட்டுச் சோதனையை மட்டும் நம்பிப் பெயர் எழுதும் பழக்கம் பரவலாக உள்ளது. அதை நான் வன்மையாக மறுக்கிறேன். கானோடெர்மாவின் பழுப்புச் சதையும் காரம் பட்டால் கருமையாகும். இங்கே பிரிக்க வேண்டிய இரண்டையும் பிரிக்காத சோதனையால் என்ன பயன்?

குழாய்ப் பகுதியின் வெட்டுதான் விடை சொன்னது. குழாயின் உட்சுவரிலிருந்து கரும்பழுப்பு நிறத்தில், தடித்த சுவருடன், கூர்முனையோடு முட்கள் நீட்டிக்கொண்டிருந்தன. சீட்டா என்பார்கள். நீளம் பெரும்பாலும் 20 முதல் 28 மைக்ரோமீட்டர். காரத்தில் வைத்த மெல்லிய வெட்டில் 100 மடங்கிலேயே அவை பளிச்சென்று தெரியும். கானோடெர்மாவில் இவை கிடையாது. பசிடியங்களின் அருகே கிடைத்த ஸ்போர்கள் நிறமற்றவை, வழுவழுப்பானவை, மெல்லிய சுவருள்ளவை, 4 முதல் 5 மைக்ரோமீட்டர் நீளமே கொண்டவை. மேற்புறத்துத் தூளிலிருந்த ஸ்போரின் பாதி அளவுதான். மெல்சரில் மாற்றமில்லை.

இழைகளில் இரண்டு வகை மட்டும்: ஆக்க இழையும் துருநிறச் சட்டக இழையும். கிளாம்ப் இல்லை. ‘இல்லை’ என்று எழுதுவதற்கு ஒரு முறை இருக்கிறது. தேடினேன், கிடைக்கவில்லை என்பது போதாது. முதல் மாதிரியின் சதையிலும் எளிதில் கிடைக்கவில்லையே. கிளாம்ப் இல்லாத வெறும் குறுக்குச் சுவர்களை ஆக்க இழைகளில் நேரில் காண வேண்டும், அதுவும் ஓரிடத்தில் அல்ல, பல இடங்களில். குறுக்குச் சுவரே தெரியாத இழையை வைத்துக்கொண்டு கிளாம்ப் இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இந்த மாதிரியின் விளிம்பில் வெறும் குறுக்குச் சுவர்கள் தெளிவாகக் கிடைத்தன.

இன்னொரு நுட்பமான அடையாளமும் இருந்தது. குழாய் வாயின் ஓரத்தில் உள்ள ஆக்க இழைகளின் மேல் படிகங்கள் ஒட்டியிருந்தன. காரத்தில் காங்கோ சிவப்பிட்டு எண்ணெய் லென்ஸில் பார்த்தால் இழையின் முனை சொரசொரப்பாகத் தெரியும். ஹைமனோகீட்டேசி குடும்பத்தின் ஃபியூஸ்கோபோரியா பேரினத்துக்கு உரிய பண்பு இது. சிறிய முட்கள், சிறிய நீள்வட்ட ஸ்போர்கள், ஒரு மில்லிமீட்டருக்கு ஆறு, ஏழு என்ற அளவில் நெருங்கிய துளைகள், துருப்பழுப்பு நிறம் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஃபியூஸ்கோபோரியா கில்வாவோடு பொருந்துகிறது. பழைய பட்டியல்களில் இதை ஃபெல்லினஸ் கில்வஸ் என்ற பெயரில் தேட வேண்டும். வெப்பமண்டலத்தில் பட்டுப்போன அகன்ற இலை மரங்களின் கட்டையை மக்கவைக்கும் மிகப் பரவலான காளான். இதன் நெருங்கிய உறவினங்கள் பல இருப்பதால், ‘கில்வா குழு’ என்று எழுதுவதே எனக்குச் சரியாகப் பட்டது.

“அப்படியானால் வேலி மரங்களை வெட்ட வேண்டாமா, சார்?” என்று உரிமையாளர் தொலைபேசியில் கேட்டார். பட்டுப்போன பூவரசு காற்றில் விழும் என்ற காரணத்துக்காக வேண்டுமானால் வெட்டிக்கொள்ளுங்கள், தென்னைக்காக வெட்ட வேண்டாம் என்றேன்.

மூன்றாவது மாதிரி

இதில் அதிக நேரம் செலவாகவில்லை. உடைத்துப் பார்த்ததுமே சதை வெளிர் நிறம். கானோடெர்மாவின் பழுப்பு இல்லை. அடிப்புறத் துளைகள் பெரியவை, ஒழுங்கற்றவை, சில இடங்களில் வளைந்து நீண்டவை. நுண்ணோக்கியில் மூன்று வகை இழைகளும் கிளாம்ப்களும் இருந்தன. அதாவது இழை அமைப்பை மட்டும் கேட்டால் முதல் மாதிரியின் விடையேதான் இதற்கும். ஆனால் சட்டக இழைகள் நிறமற்றவை. முட்கள் இல்லை. ஸ்போர்கள் நிறமற்றவை, வழுவழுப்பானவை, நீண்ட உருளை வடிவம், 8 முதல் 10 மைக்ரோமீட்டர் நீளம், ஒற்றைச் சுவர். செந்நிற மேற்தோலோடு சேர்த்துப் பார்த்தால் இயர்லியெல்லா ஸ்காப்ரோசா. வெட்டிப் போட்ட கட்டைகளில் நம் ஊரில் தாராளமாக வளர்வது. அதில் பல மாதிரிகளில் ஸ்போரே கிடைக்காது. இந்த முறை கிடைத்தது.

உயிருள்ள மரத்தின் திசு

கட்டையில் கானோடெர்மா இருக்கிறது என்பது நிரூபணமானது. பக்கத்து மரத்துக்கு அதுதான் நோய் என்பது அதனால் நிரூபணமாகாது. இறந்த கட்டையை மட்டும் தின்று வாழ்வதும் கானோடெர்மாவுக்கு இயல்பு. அதோடு, தென்னையின் தண்டில் செம்பழுப்பு நீர் வடிவதற்கு வேறொரு பூஞ்சையும் காரணமாகலாம். தீலாவியாப்சிஸ் உண்டாக்கும் சாறு வடிதல் நோயில் தண்டின் வெடிப்புகளிலிருந்து இதே நிறத்தில் நீர் கசியும். காளான் வெளிவராத மரத்தில் இந்த இரண்டையும் வெறும் கண்ணால் பிரிப்பது எளிதல்ல. சிகிச்சையோ வேறு வேறு.

திசுத் துண்டின் மேற்பகுதியைச் சீவி எறிந்து, உட்பகுதியைக் கிருமி நீக்கி, பூஞ்சை வளர்க்கும் ஊடகமான உருளைக்கிழங்கு அகார் தட்டில் வைத்தேன். தீலாவியாப்சிஸ் என்றால் வளர்ப்பு விரைவில் கருமையடையும், குழல் போன்ற செல்லுக்குள்ளிருந்து வரிசையாக வெளித்தள்ளப்படும் உருளை ஸ்போர்கள் தெரியும், கிளாம்ப் இருக்கவே இருக்காது. இங்கே வளர்ந்தது வெண்மையான, தட்டோடு இறுக ஒட்டிய இழைப் படலம். மெல்லிய இழைகளில் கிளாம்ப்கள் நிறைய இருந்தன. அந்த ஒன்றாலேயே அது பசிடியப் பூஞ்சை என்று தெளிவாகிவிட்டது. நாள் செல்லச் செல்ல, மான்கொம்பு இழை என்று அழைக்கப்படும் கிளைத்த தடித்த இழைகளும், பழுப்பாகி இறுகிய பகுதிகளில் மேற்தோல் செல்களை ஒத்த வீங்கிய செல்களும் தோன்றின. இரண்டும் கானோடெர்மா வளர்ப்புகளில் பதிவானவை. முதல் மாதிரியின் சதையிலிருந்து எடுத்த வளர்ப்பையும் அருகில் வைத்துப் பார்த்தேன். தோற்றத்திலும் இழைகளிலும் வேறுபாடு தெரியவில்லை.

எந்தக் கானோடெர்மா?

உரிமையாளருக்கு இந்தக் கேள்வி தேவைப்படவில்லை. எனக்குத் தேவைப்பட்டது. தென்னை நோய் பற்றிய நம் பழைய பதிவுகளில் பளபளக்கும் கானோடெர்மா என்றாலே லூசிடம் என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பெயரின் மூலம் 1781. இங்கிலாந்தில் கிடைத்த ஒரு காளானுக்கு வில்லியம் கர்டிஸ் சூட்டிய பெயர் அது. கானோடெர்மா என்ற பேரினத்தைப் பின்லாந்தின் கார்ஸ்டன் 1881இல்தான் உருவாக்கினார். பிறகு உலகில் எங்கே பளபளக்கும் மரக்காளானைக் கண்டாலும் அந்தப் பெயரையே ஒட்டிவிட்டார்கள். கிழக்காசியாவில் மருந்தாகப் பயிரிடப்படும் லிங்ஷியைக்கூட அப்படித்தான் நெடுங்காலம் அழைத்தார்கள். சீன, தைவான் ஆய்வாளர்கள் 2012இல் அதைத் தனி இனமாகப் பிரித்துக் காட்டினார்கள். குளிர்நாட்டு அகன்ற இலை மரத்தின் காளானும் காவிரிப் படுகைத் தென்னையின் காளானும் ஒரே இனம் என்று ஏற்க எந்த ஆதாரமும் என் நுண்ணோக்கியில் இல்லை.

பளபளக்கும் கானோடெர்மாக்களின் ஸ்போர் அளவுகள் இனத்துக்கு இனம் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. மேற்தோல் செல்லின் வடிவம், தூண்களின் தடிமன், சதையின் நிறம், அதில் கருமையான பிசின் கோடுகள் உண்டா இல்லையா என்பவை இனங்களை ஓரளவு பிரிக்கின்றன. ஆனால் ஒரே காளானின் இளமைக்கும் முதுமைக்கும் இடையிலேயே அவை மாறக்கூடியவை. ஆகவே மாதிரியை வைத்த உறையின் மேல் ‘கானோடெர்மா, பளபளப்பான வகை, இனம் தீர்மானிக்கப்படவில்லை’ என்று எழுதினேன். இனப்பெயர் இல்லாத அறிக்கையை முழுமையற்றது என்று கருதுபவர்கள் இருக்கிறார்கள். பேரினம் வரை உறுதியாகவும், அதற்கு மேல் ஆதாரம் வரும்வரை வெற்றிடமாகவும் இருக்கும் அறிக்கையே பின்னால் வருபவருக்கு உதவும் என்பது என் உறுதியான எண்ணம். தவறான இனப்பெயர் ஒருமுறை அச்சேறிவிட்டால் அடுத்தடுத்த பட்டியல்களில் நகலெடுக்கப்பட்டுக்கொண்டே போகும். அளவுகளும் வரைபடங்களும் ஸ்போர்ப் படிவும் உறைக்குள் இருந்தால், எவரும் எப்போது வேண்டுமானாலும் மீண்டும் சோதிக்கலாம்.

தோப்பில் நடந்தது

அகழி வடக்குப் பகுதி முழுவதையும் சுற்றி வரவில்லை. பழைய கட்டையையும் அதன் வேர்களையும் தோண்டி எரித்தார்கள். நீர் வடியும் மரத்தை மட்டும் சுற்றித் தனி அகழி. அந்த மரத்துக்கும் சுற்றியுள்ள நல்ல மரங்களுக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி, மரத்துக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு, டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சை கலந்த தொழு உரம், ஒரு சதவீதப் போர்டோக் கலவை 40 லிட்டர் என்ற அளவில் வேர்ப்பகுதியில் ஊற்றுதல். பாய்ச்சல் நீர் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு ஓடாதபடி ஒவ்வொன்றுக்கும் தனி வட்டப் பாத்தி. இதைத்தான் நான் திரும்பத் திரும்ப வலியுறுத்தினேன். மாங்கட்டைகள் இருந்த இடத்திலேயே விறகாகக் காத்திருக்கின்றன.

உரிமையாளருக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. காளான் இல்லாத மரம் நோயில்லாத மரம் என்று பொருளில்லை. அகழிக்கு வெளியே நிற்கும் மரங்களின் அடித்தண்டையும் வெளிச்சுற்று மட்டைகளையும் ஒவ்வொரு பறிப்பின்போதும் பார்த்து வரும்படி ஏறுபவரிடமே சொல்லி வைத்திருக்கிறார்.

ஆய்வகத்தில் வேலை முடியவில்லை. முதல் மாதிரியின் வளர்ப்பிலிருந்தும் உயிருள்ள மரத்தின் வளர்ப்பிலிருந்தும் டிஎன்ஏ எடுத்து, பூஞ்சை இனங்களை அடையாளம் காண உதவும் ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதியை வரிசைப்படுத்த அனுப்பியிருக்கிறேன். இரண்டும் ஒரே இனமா, எந்த இனத்துக்கு நெருக்கம் என்பதை அது சொல்லும். ஒரே இனம் என்று வந்தாலும், கட்டையில் இருந்த அதே பூஞ்சை உடல்தான் வேர் வழியாக மரத்துக்குள் நுழைந்ததா என்பதை ஐடிஎஸ் சொல்லாது. அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு: இரு வளர்ப்புகளையும் ஒரே அகார் தட்டில் எதிரெதிரே வைத்து வளரவிடுவது. ஒரே உடலின் பகுதிகள் என்றால் இழைகள் தடையின்றிக் கலந்துவிடும். வெவ்வேறு உடல்கள் என்றால் சந்திக்கும் இடத்தில் ஒரு தடுப்புக் கோடு விழும். அந்தத் தட்டுகளை வைத்துவிட்டேன். கோடு விழுந்தால், நோயுற்ற மரத்தின் மறுபக்கத்தில் மண்ணுக்கடியில் வேறொரு பழைய கட்டை இருக்கிறதா என்று தோண்டிப் பார்க்கும்படி உரிமையாளருக்குச் சொல்ல வேண்டும்.